கைவேலைக்குக் கணக்கெழுதுவோம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பெண்களின் கைகளுக்குத் திடீரென்று மதிப்புக் கூடிவிடும். "உங்க கைக்குத்தான் மேடம் அது வரும்" என்பார்கள். "பொண்ணுங்க செஞ்சாத்தான் நீட்டா இருக்கும்" என்பார்கள். புகழ்ந்து முடித்த கையோடு ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து நம் மேசையில் வைப்பார்கள். நிர்வாகிகளுக்கும் விருந்தினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் கையால் செய்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வேண்டும். கடையில் வாங்கியது கூடாது, கையால் செய்திருக்க வேண்டும். போன வருடம் முத்திரை குத்திய அட்டை போதுமானதாக இருந்தது. இந்த வருடம் உள்ளே விளக்கும் எரிய வேண்டும்.

அரக்கோணம் ரயிலால் வளர்ந்த ஊர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த காலத்திலிருந்து கிறிஸ்துமஸ் இங்கே எல்லார் வீட்டுக்கும் பழகிய பண்டிகை. காகித நட்சத்திரம் தொங்குவதற்கு அந்த வீட்டார் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. பண்டிகையோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அட்டை செய்வது எனக்குப் பிடிக்கவும் செய்யும். "கையால் செய்தது" என்ற சொல்லின் நிழலில் நடக்கும் களவோடுதான் என் சண்டை.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கிறிஸ்துமஸ் விழாவுக்கு மூன்று குழுக்கள் போட்டார்கள். மேடைக்குழுவிலும் நிதிக்குழுவிலும் ஆண்கள். அந்த இரண்டு குழுக்களுக்கும் முன்பணம் உண்டு, பில் உண்டு, ரசீது உண்டு. மூன்றாவது கைவேலைக்குழு. அதில் ஏழு பெண் ஆசிரியர்களும் மாணவிகளும். இந்தக் குழுவுக்கு முன்பணமும் இல்லை, ரசீதும் இல்லை. 120 அட்டைகள் கேட்டார்கள்.

ஓர் அட்டை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். இதை "சும்மா ஒட்டுறதுதானே" என்று நினைப்பவர்கள் பொறுமையாகப் படிக்கட்டும்.

கெட்டி அட்டையை மடித்து, மடிப்பை ஸ்கேலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நட்சத்திர முத்திரைக்குக் கடைக்குப் போக வேண்டாம், வெண்டைக்காய் போதும். ஐந்து பட்டை உள்ள காயாகப் பார்த்துக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் கிடைக்கும். வெட்டிய உடனே மையில் தோய்த்தால் கொழகொழப்பு மையை இழுத்துவிடும். பழைய செய்தித்தாளில் கவிழ்த்து வைத்து, ஈரம் வாங்கிய பிறகே குத்த வேண்டும். மெழுகுவர்த்தி முத்திரைக்கு அழிப்பானை பிளேடால் செதுக்க வேண்டும். எழுத்து செதுக்குவதானால் இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும்.

அடுத்தது ஒளி. சுடரைச் சுற்றி வெளிச்சம் பரவியதுபோலத் தெரிய வேண்டுமென்றால் மஞ்சள் பூசினால் வராது. சுடரின் மேல் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு, அதைச் சுற்றி ஸ்பாஞ்சால் நீல மையை ஒற்ற வேண்டும். அருகில் மெல்லியதாக, ஓரம் போகப் போக அடர்த்தியாக. வட்டத்தை எடுத்தால் காகிதத்தின் வெள்ளையே வெளிச்சமாக நிற்கும். கை கொஞ்சம் அழுத்தினாலும் திட்டு விழும், அட்டை வீண்.

விளக்குக்கு ஒரு சின்ன எல்இடியும், மூன்று வோல்ட் பட்டன் செல்லும், செம்பு டேப்பும் வேண்டும். எல்இடியின் நீண்ட கால் நேர்முனை, குட்டைக் கால் எதிர்முனை. குட்டைக் காலிலிருந்து வரும் டேப்பின் மேல் செல்லின் எதிர்முனை உட்கார வேண்டும். நீண்ட காலிலிருந்து வரும் டேப்பை அட்டை மூலையில் ஒட்டி, மூலையை மடித்தால் அது செல்லின் நேர்முனையைத் தொட வேண்டும். அப்போது விளக்கு எரியும், விரலை எடுத்தால் அணையும். இரண்டு டேப்பும் எங்கேயாவது உரசினால் எரியாது. செல் புடைத்துத் தெரியாமலிருக்க இரண்டு அட்டைகளுக்கும் நடுவே தடித்த ஸ்பாஞ்சு டேப் கொடுக்க வேண்டும். எல்இடி கண்ணைக் குத்தாமலிருக்க, சுடரின் இடத்தில் போட்ட துளைக்குப் பின்னால் ஒரு துண்டு டிரேசிங் காகிதம் ஒட்ட வேண்டும்.

முதல் அட்டைக்கு எனக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. கை பழகி, வேலையைப் பிரித்துக்கொண்டு செய்தபோது ஓர் அட்டைக்கு ஐம்பது நிமிடம். 120 அட்டைக்கு ஆறாயிரம் நிமிடம், அதாவது நூறு மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் பன்னிரண்டரை நாள். பொருட்செலவு ஓர் அட்டைக்கு ஐம்பது ரூபாய் வந்தது, மொத்தம் ஆறாயிரம். அதை நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம். அட்டையின் உள்ளே நிறுவனத்தின் பெயர் இருந்தது, தலைவரின் கையெழுத்து இருந்தது. செய்தவள் பெயர் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நிதிக்குழுவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். "என்ன மேடம், கவிஞர் நீங்களே இப்படிப் பேசலாமா? அன்பா செய்றதுக்குப் போய்க் கணக்கா?"

அன்பு என்ற சொல்லை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பாருங்கள். மேடைக்குப் பந்தல் போட்டவரிடம் அன்பு கேட்கப்படவில்லை. மைக் செட்காரரிடம் கேட்கப்படவில்லை. பிரியாணிக்காரருக்கு முன்பணமே போனது. பெண் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் கூலி இருக்க வேண்டிய இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தச்சன் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் பிறந்தநாளை, கூலியில்லாத கைவேலையால் கொண்டாடுவதில் இவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சி. அதே செல், அதே எல்இடி, அதே செம்பு டேப். தெர்மகோல் அட்டையில் ஒட்டி, "எளிய மின்சுற்று" என்று தலைப்பிட்டு ஒரு மாணவர் வைத்திருந்தார். அவருக்குச் சான்றிதழும் மேடையில் கைதட்டலும் கிடைத்தன. கிடைக்கட்டும், நல்ல பையன். அவர் செய்தது மின்சுற்று என்றால், டிசம்பரில் எங்கள் மாணவிகள் 120 முறை செய்தது என்ன? அதற்குப் பெயர் "டெக்கரேஷன்". ஒரே பொருள் ஆண் கையில் அறிவியலாகவும் பெண் கையில் அலங்காரமாகவும் மாறிவிடுகிறது.

இந்தப் பிரிவினையை உடைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் லியா பியூக்லி, துணியில் நூலால் தைக்கக்கூடிய மின்சுற்றுப் பலகை ஒன்றை வடிவமைத்தார். லிலிபேட் என்ற பெயரில் 2007இல் அது விற்பனைக்கு வந்தது. பெண்கள் மின்னணுவியலுக்கு வருவதில்லை என்று அதுவரை அலுத்துக்கொண்டிருந்தார்கள். ஊசியையும் நூலையும் சுற்றின் பகுதியாக ஏற்றுக்கொண்டதும், வழக்கமான ஆர்டுயினோ பலகையைவிடப் பெண்கள் மிக அதிகமாக இதைக்கொண்டு செய்தார்கள் என்பதை அவரும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் ஆராய்ந்து எழுதினார்கள். பியூக்லியின் குழுவில் எம்ஐடியில் படித்த ஜியே சி, காகிதத்தில் ஒட்டும் மின்சுற்று ஸ்டிக்கர்களை உருவாக்கினார். நாம் வெண்டைக்காய்க்கு அருகில் ஒட்டும் விளக்கு அங்கே ஆய்வுப்பொருள். இங்கே அது "பொண்ணுங்க வேலை".

வாழ்த்து அட்டையின் வரலாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல், தன் நண்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஓர் அட்டை வரையச் சொன்னார். அதுதான் முதல் வணிக கிறிஸ்துமஸ் அட்டை. விலை ஒரு ஷில்லிங். அச்சடித்த அட்டைக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். கோலின் பெயரும் ஹார்ஸ்லியின் பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆக, ஒரு பெரிய மனிதரின் நேரத்தை மிச்சப்படுத்தவே இந்தப் பொருள் பிறந்தது. அவர் மிச்சப்படுத்திய நேரத்தை யாரோ செலவழித்தார்கள். எங்கள் தலைவரின் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் நூறு மணி நேரமும் அப்படிப்பட்டதுதான்.

அதே நூற்றாண்டில் இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் அட்டை அச்சடித்த லூயி பிராங், 1880இல் கிறிஸ்துமஸ் அட்டை ஓவியத்துக்குப் போட்டி வைத்தார். முதல் பரிசு ஆயிரம் டாலரை வாங்கியவர் ரோசினா எம்மெட் என்ற பெண். அவரிடம் யாரும் "அன்பா செய்றதுக்குப் பணமா" என்று கேட்கவில்லை. காசு கொடுத்ததால் அந்த அட்டையின் அழகு குறைந்துவிடவும் இல்லை.

தமிழ் படித்தவள் என்பதால் பழைய இலக்கியத்தையும் சாட்சிக்கு அழைக்கிறேன். புறநானூற்றின் 326ஆம் பாட்டில் ஒரு பெண் வருகிறாள். இரவு. காட்டுப்பூனைக்குப் பயந்து கோழி அலறுகிறது. பஞ்சிலிருக்கும் குப்பையைப் புடைத்தெடுக்க எழுந்த ஒருத்தியின் சின்ன விளக்கு வெளிச்சத்தில் சேவலைப் பார்த்துக் கோழி அடங்குகிறது. உரையாசிரியர்களும் வகுப்பறைகளும் அந்தப் பாட்டில் மறவனின் வீட்டையும் விருந்தையும் பேசிவிட்டுப் போவார்கள். நான் மாணவிகளிடம் கேட்பது வேறு: ஊர் தூங்கும் நேரத்தில் அவள் ஏன் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறாள்? பகலில் அவளுக்கு வேறு வேலை இருந்தது, அதனால்தான். நற்றிணையில் துணையில்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் நூற்ற நூல், மலைமேல் படியும் மேகத்துக்கு உவமையாகிறது. உவமை நமக்கு அழகாக வந்து சேர்ந்தது. நூலுக்கு அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பது வந்து சேரவில்லை. வீட்டிலிருந்து, விளக்கு வெளிச்சத்தில், எல்லா வேலையும் முடிந்த பிறகு செய்யும் வேலை என்பது நம் மொழியின் மிகப் பழைய பெண் தொழில்களில் ஒன்று. அது தொழில், பொழுதுபோக்கு அல்ல.

அந்த விளக்கு இன்றும் எரிகிறது. எங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் காட்பாடி தாண்டி ஆம்பூர் வரும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். தொழிற்சாலையில் ஷூ தைக்கும் பெண்களைப் பற்றியாவது பேசுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேற்பகுதியை ஊசியால் கையால் தைக்கும் பெண்கள் பேச்சிலேயே இல்லை. ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து கொடுப்பார்; தைத்ததை எண்ணி வாங்கிப் போவார். இவர்களைப் பற்றி ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் தி லேபிள், சிவிடெப் ஆகிய அமைப்புகள் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் ஒரு ஜோடிக்கு, தைத்தவளுக்குக் கிடைத்தது பத்து ரூபாய் அளவில். கழுத்து வலி, கண் எரிச்சல், ஊசி குத்திய விரல் எல்லாம் அவள் கணக்கில். வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு ஏதும் இல்லை.

என் மாணவி ஒருத்தியின் அம்மா இந்த வேலை செய்கிறார். கூலியைப் பற்றிக் கேட்டபோது ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "கூட்டிக் கேட்டா, வீட்ல சும்மாதான ஒக்காந்துனுகிறீங்க, பொழுது போவுது இல்லன்றான் டீச்சர். எனுக்கு இன்னா பொழுது இருக்குது போறதுக்கு?"

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆந்திராவின் நரசாப்பூரில் வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றியது அது. உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் பொருளைச் செய்பவளை "இல்லத்தரசி, ஓய்வு நேரத்தில் பின்னுகிறாள்" என்று பெயர் சூட்டியதாலேயே கூலியை அடிமட்டத்தில் வைக்க முடிந்தது என்று காட்டினார். நரசாப்பூரின் லேஸுக்கும் ஆம்பூரின் ஷூவுக்கும் எங்கள் நிறுவனத்தின் அட்டைக்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. நான் மாதச் சம்பளம் வாங்குகிறவள். அந்தத் தாய்க்கு அந்தப் பத்து ரூபாய்தான் அரிசி. இரண்டும் ஒரே துன்பம் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் சொல்லப்படும் நியாயம் ஒன்று என்று சொல்கிறேன். "சும்மா இருக்கிற நேரம்தானே." இந்த நியாயத்தைக் கல்லூரியில் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டால், திண்ணையில் அதை எதிர்க்க நமக்கு வாய் இருக்காது.

சாதியையும் பேச வேண்டும். தோல் தொட்ட கையைத் தீட்டு என்று ஒதுக்கிய ஊர்கள் இவை. அந்தத் தெருக்களிலிருந்து படிக்க வந்த பெண்ணின் கையைத்தான் டிசம்பரில் "என்ன நளினம், என்ன கைவண்ணம்" என்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் தீட்டு வண்ணமாகிவிட்டது, நல்லது. ஆனால் தீட்டு என்றபோதும் கூலி குறைவு, வண்ணம் என்றபோதும் கூலி இல்லை. வசையும் புகழும் ஒரே கல்லாப்பெட்டியைக் காவல் காக்கின்றன.

எனக்குச் சொல்லப்பட்ட மறுப்புகளைப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: "கைவேலை மனதுக்கு ஆறுதல். அதையும் பணமாக்கினால் என்ன மிஞ்சும்?" ஆறுதல்தான். என் மகளுக்கும் தோழிகளுக்கும் நான் செய்யும் அட்டைக்கு யாரிடமும் பில் கொடுப்பதில்லை. யாருக்கு, எப்போது, எத்தனை என்று நான் முடிவு செய்யும்வரை அது என் மகிழ்ச்சி. 120 என்ற எண்ணையும் 20ஆம் தேதி என்ற கெடுவையும் இன்னொருவர் முடிவு செய்த நிமிடம் அது வேலை. கெடு வந்துவிட்டால் கூலியும் வர வேண்டும்.

இரண்டாவது: "அப்படியானால் கடையிலேயே வாங்கிவிடுகிறோம்." தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடை அட்டைக்குப் பின்னாலும் கை உண்டு. 2019 டிசம்பரில் லண்டனில் ஒரு சிறுமி, டெஸ்கோ கடையில் வாங்கிய கிறிஸ்துமஸ் அட்டைப் பெட்டியைத் திறந்தாள். சாண்டா தொப்பி போட்ட பூனைக்குட்டிப் படம். ஓர் அட்டையில் ஏற்கெனவே யாரோ எழுதியிருந்தார்கள்: தாங்கள் ஷாங்காய் சிங்பு சிறையின் வெளிநாட்டுக் கைதிகள் என்றும், விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்கப்படுவதாகவும், உதவி வேண்டும் என்றும். தயாரித்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. டெஸ்கோ அந்த அட்டைகளின் விற்பனையை நிறுத்தியது. அது தர்மகாரியத்துக்கு நிதி சேர்க்க விற்ற அட்டை. நல்ல காரியத்துக்குத்தானே என்பது உழைப்பைக் கேள்வி கேட்காமலிருக்கக் காரணம் ஆகாது.

மூன்றாவது: "வீட்டில் செய்யும் வேலையை எப்படி அளப்பது?" அளந்து காட்டியிருக்கிறார்கள். எங்கள் வேலூர், குடியாத்தம் பக்கத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணைத் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றினாலும் அவள் தொழிலாளிதான். அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு சண்டை. பீடிக்கு முடிந்தது ஷூவுக்கு ஏன் முடியாது? வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான ஐஎல்ஓ உடன்படிக்கை, எண் 177, 1996இல் நிறைவேறியது. அதற்காக உலக அரங்கில் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றது, இலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா என்ற நம் நாட்டுப் பெண்கள் சங்கம். அதை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

கைவேலைக்குக் கூலி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலம் அது. ரேந்தையில் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டதை மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்களை மீட்டது நூலின் அழகல்ல, நூலுக்குக் கிடைத்த காசு. அதே ரேந்தையை அவர்களிடம் "அன்பாக" வாங்கியிருந்தால் அவர்கள் அடிமைகளாகவே இறந்திருப்பார்கள்.

எனவே என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். நிறுவனம் கேட்கும் கைவேலைக்கு நிறுவனமே பொருள் வாங்கித் தரட்டும், முன்பணத்தோடு. செலவாகும் நேரம் பணிநேரமாகப் பதிவாகட்டும். மாணவிகள் செய்தால் அது செய்முறைப் பயிற்சியாக மதிப்பெண்ணில் சேரட்டும். மின்சுற்று மின்சுற்று என்றே எழுதப்படட்டும். குழுவில் பாதிப் பேர் ஆண்களாக இருக்கட்டும்; வெண்டைக்காய் வெட்ட யாருக்கும் தனிப் பிறவி தேவையில்லை. ஆம்பூர்த் திண்ணைகளில், ஒரு ஜோடி தைக்க ஆகும் நிமிடங்களைக் கணக்கிட்டு, அது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாதபடி விலை வைக்கட்டும். வேலை கொடுத்தவரின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய புத்தகம் அவள் கையில் இருக்கட்டும்.

தோழிகளே, அடுத்த டிசம்பரில் அட்டைக் கட்டு உங்கள் மேசைக்கு வரும்போது மறுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடித்தால் செய்யுங்கள். ஆனால் முதல் அட்டையை மடிக்கும் முன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். முடித்ததும் மறுபடி எழுதுங்கள். வாங்கிய பட்டன் செல்லின் விலையை எழுதுங்கள். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் செய்தவர் பெயரை எழுதுங்கள், மாணவியின் பெயரை முதலில். பிறகு அந்தத் தாளைக் கொண்டுபோய் நிதிக்குழுவின் மேசையில் வையுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.